படகுப் படத்தில் வந்த பெயர்

யாராவது "சிமோலாக்கா" என்று கூப்பிட்டால் சென்னம்மாள் சட்டென்று திரும்பமாட்டாள். கையில் ஒட்டிய மசாலாவைத் தோளில் கிடக்கும் துண்டில் துடைப்பாள். நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் ஒதுக்குவாள். முந்தானையை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொள்வாள். அப்புறம்தான் முகத்தைத் திருப்பி, "என்னாப்பா வேணும்?" என்பாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இதெல்லாம் கிடையாது. கல்லில் கிடக்கும் மீனைப் புரட்டிக்கொண்டே, திரும்பாமலே "ம்" என்பாள்.

ஒகேனக்கல்லில் பரிசல் துறைக்குப் போகிற வழியில் அவள் கடை. அந்தக் கடையில் மீன் ஆய்ந்து கொடுக்கும் பானுமதி இதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் துண்டு, முடி, முந்தானை மூன்றும் முடிந்தால்தான் சென்னம்மாள் திரும்புவாள். பார்க்கிறவர்கள், அக்காவுக்கு மிடுக்கு ஜாஸ்தி என்று சொல்லிச் சிரிப்பார்கள். பானுமதி சிரிக்கமாட்டாள். குனிந்து செதிலைச் சுரண்டுவாள். அந்த மிடுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பானுமதி சிறுபிள்ளையாக இருந்தபோது, பென்னாகரத்துக்கு உள்ளடங்கிய அவர்கள் ஊரில் மைக்செட் கடை வைத்திருந்தவர் சந்திரமோகன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் ட்யூப்லைட்டும் குழாய் ஸ்பீக்கரும் அவர் கடையிலிருந்துதான் போகும். சிடி பிளேயர் வந்த புதிதில் ஒரு பெரிய டிவியையும் வாங்கிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கடையில் வேலை இருக்காது. டிவியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்து, ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் போடுவார். நல்ல படமெல்லாம் வாடகைக்குப் போயிருக்கும். ஒருவரும் வாடகைக்குக் கேட்காத ஒரே படம், பிளேயரோடு இலவசமாக வந்த ஒரு கார்ட்டூன். அதைத்தான் போடுவார். அடுத்த ஞாயிறும் அதையேதான் போடுவார்.

படத்துக்கு என்ன பெயர் என்று யாரும் கவனித்ததில்லை. பிள்ளைகளுக்கு அது படகுப் படம். ஏதோ வெளிநாட்டுப் பழைய நாவல் ஒன்றைக் கார்ட்டூனாக எடுத்து, அதற்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். ஆற்றில் சரக்குப் படகு ஓட்டப் போன அப்பா வீடு திரும்பவில்லை. அவரைத் தேடி அக்காளும் தம்பியும் சின்னப் படகில் கிளம்புகிறார்கள். வழியில், ஆறு திரும்புகிற இடத்தில் ஒரு சூப்புக் கடை. அதை நடத்துகிறவள்தான் சிமோலா. பூசணிக்காய்க்குக் கைகால் முளைத்த மாதிரி இருப்பாள். அவள் நடந்தால் கடையே ஆடும். கரகரவென்று குரல். படத்தில் மற்றவர்கள் எல்லாம் திருத்தமாகப் பேச, அவள் பேசுகிற தமிழ் மட்டும் உடைந்து உடைந்து வரும். "வா பிள்ளே, சூடு சூப்பு குடி பிள்ளே" என்று ஆசைகாட்டிக் கூப்பிட்டு, பிள்ளைகளைப் பாத்திரம் கழுவ வைப்பாள். அவர்கள் அசந்து தூங்கும்போது, அவர்கள் கூடவே கொண்டுவந்த அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவாள். கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த இடத்தில் டிவி நீலமாகிவிடும்.

படம் இரண்டு சிடி. இரண்டாவது சிடி எப்போதோ உடைந்துபோயிருந்தது.

"அப்பறம் என்னாச்சுங்ணா?" என்று பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் கேட்பார்கள்.

"அப்பறம் என்ன, எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போயிச் சோறு தின்னாங்க. நீங்களும் எழுந்து போங்க" என்பார் சந்திரமோகன்.

சிமோலாவை முதலை தின்றுவிடும் என்றான் முதலைப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்திருந்த ஒருவன். போலீஸ் பிடித்துவிடும் என்றாள் இன்னொருத்தி. பானுமதி எதுவும் சொல்லமாட்டாள். அவள் எங்கேயுமே வாய் திறக்காத பிள்ளை. வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பார்ப்பாள். யார் எப்படி நடக்கிறார்கள், எப்படிச் சிரிக்கிறார்கள், கோபம் வந்தால் யாருடைய மூக்கு எந்தப் பக்கம் கோணும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வருஷம் ஆடிக்கு முன்னால், பரிசல்காரன் மாது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, கர்நாடகப் பக்கத்து ஊரிலிருந்து பெண் கட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பெண்தான் சென்னம்மாள். நல்ல வாட்டசாட்டமான பெண். நடை ஆடி ஆடி வரும். தொண்டை கட்டியது போன்ற குரல். வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவள், ஊருக்கு வந்துதான் தமிழ் கற்றுக்கொண்டாள். வந்த மறுமாதம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பொதுக்குழாய்க்கு வந்தாள்.

"தள்ளி நில்லு பிள்ளே, கொடம்... கொடம் வெக்கறேன்" என்றாள்.

குழாயடியில் நின்ற பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்னவோ ஒன்று எல்லோருக்கும் தட்டுப்பட்டது. என்ன என்றுதான் பிடிபடவில்லை. பானுமதிக்குப் பிடிபட்டுவிட்டது. பின்னால் நின்றிருந்தவள் மெதுவாக, ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"சிமோலா."

அவ்வளவுதான். குழாயடியே சரிந்து விழுந்து சிரித்தது. ஒருத்தி சிரிப்பில் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். பெரிய வகுப்புப் பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்து, "ஏய், இந்த ஊமைக்கோட்டானா சொல்லுச்சு?" என்றார்கள். பானுமதி சொன்ன எதற்கும் அதுவரை யாரும் சிரித்ததில்லை, யாரும் காது கொடுத்ததே இல்லை. அன்றைக்கு அவள் கால் தரையில் பாவாமல்தான் வீட்டுக்குப் போனாள்.

பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் வாயிலிருந்து பெரியவர்கள் வாய்க்கு ஏறியது. கொஞ்ச நாள் கழித்துச் சென்னம்மாள் பானுமதியைத் தனியாக மடக்கினாள். அடிக்க வருகிறாள் என்று பானுமதி கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ பிள்ளே, சிமோலான்னா என்னா? எல்லாரும் கூப்பிடறாங்க."

பானுமதிக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "படத்துல வர்ற ராணி பேருங்க அக்கா."

"ராணியா?" சென்னம்மாளின் கண் அகலமானது. "நானா ராணி?" கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அந்த ஊரில் அவள் சிரித்துப் பானுமதி பார்த்தது அன்றைக்குத்தான். மடியிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்துப் பானுமதி கையில் வைத்தாள். பானுமதி அதை வாங்கித் தின்றுகொண்டே ஓடினாள்.

பெண்டாட்டிக்கு ஊர் வைத்த பெயர் மாதுவின் காதுக்கும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அது என்ன படம் என்று பார்ப்பதற்காகவே அவன் சந்திரமோகன் கடைக்கு வந்தான். பிள்ளைகளுக்குப் பின்னால் சைக்கிளில் சாய்ந்து நின்று பார்த்தான். சிமோலா வந்ததும் அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டு, திரும்பவும் சிரித்தான். "டேய், அப்டியே எங்க வூட்டுக்காரிடா" என்று தொடையில் தட்டினான். அன்றிலிருந்து அவனும் அப்படியே கூப்பிட்டான். பரிசல் துறையில் கூட்டாளிகளிடம், "எங்க சிமோலா கொழம்பு வெச்சிருக்கறா, உங்க வாட்ச்செல்லாம் பத்தரம்" என்று அவன் சொன்னதைப் பானுமதியே ஒருமுறை கேட்டிருக்கிறாள். வீட்டில் அவன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் சென்னம்மாள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு திரும்புவாள்.

பானுமதி எட்டாவதோடு நின்றுவிட்டாள். அம்மாவுக்கு முடியாமல் போய்விட்டது. வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அப்புறம் அதே ஊரில் ஒரு கொத்தனாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாது பரிசலை விட்டுவிட்டு மீன் வறுவல் கடை போட்டான். பெண்டாட்டியின் கைப்பக்குவத்தை நம்பிப் போட்ட கடை. தகரத்தில் பெயின்ட் அடித்து, கட்டம் கட்டிய எழுத்தில், "சிமோலா அக்கா மீன் கடை" என்று எழுதி மாட்டினான். கொத்தனாருக்கு வேலை இல்லாத ஒரு மழைக்காலத்தில் சென்னம்மாள் பானுமதியை வீடு தேடி வந்து கூப்பிட்டாள்.

"எனக்குப் பேரு வெச்சவ நீ. வெளியாளக் கூப்படறதுக்கு உன்னக் கூப்படறேன். வா."

அப்படித்தான் பானுமதி அந்தக் கடைக்கு வந்தாள். மாது மஞ்சள் காமாலையில் போனான். மகன் தமிழ்மணி படித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனான். கடை நின்றுபோகவில்லை. சென்னம்மாள் வறுப்பாள், பானுமதி ஆய்ந்து கொடுப்பாள். சென்னம்மாள் வீட்டில் மிஞ்சிய கொழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றி, "உம் பிள்ளைங்களுக்குக் குடு" என்று தினமும் கையில் திணிப்பாள். பானுமதிக்கு அந்தப் போசியை வாங்கும்போது கை கூசும். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாளே என்று வாங்கிக்கொள்வாள்.

இப்படியே போயிருக்கும். போன தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேமராவைத் தூக்கிக்கொண்டு சேலத்துப் பையன் ஒருவன் வந்தான். கடை கடையாகச் சாப்பிட்டு வீடியோ போடுகிறவன். மீனைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டி, எல்லாம் முடிந்த பிறகு போர்டைக் காட்டிக் கேட்டான்.

"அக்கா, சிமோலான்னா என்னக்கா? புதுசா இருக்குது."

சென்னம்மாள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அது ராணி பேருப்பா. நான் கல்யாணம் ஆயி வந்தப்ப எங்கூர்ப் பிள்ளைங்க ஆசையா வெச்சது. ஊரு தெரியாது, பாசை தெரியாது. தினம் அழுதுட்டு இருப்பேன். இந்தப் பேரு வெச்சப்பறம்தான் எனக்கு ஊரு ஒட்டுச்சு." அப்புறம் கரண்டியை நீட்டினாள். "அதோ, மீன் ஆயறாளே, அவதான் வெச்சா."

கேமரா பானுமதி பக்கம் திரும்பியது. அவள் கை நிறையச் செதில். முகத்தைத் திருப்ப இடமில்லை. முந்தானையை இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டாள். "வெக்கப்படறாங்க மக்களே" என்றான் அந்தப் பையன்.

வீடியோ வந்த மறுநாள் சென்னம்மாள் போனை நீட்டினாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. கன்னடத்தையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். "என்னென்னமோ எழுதியிருக்கறாங்களாமே. படி, கேக்கலாம்."

பானுமதி படித்தாள். "மீன் வேற லெவல், அக்கா." அடுத்தது: "அடுத்த வாரம் ஃபேமிலியோட வர்றோம்." அதற்கு அடுத்ததைப் பார்த்ததும் குரல் நின்றுபோனது. "சிமோலாவா? அந்த சூப்புக்கார திருடியா? டேய், என் சின்ன வயசு கார்ட்டூன்டா." அதற்குக் கீழே: "பேரு வெச்சவங்க ஆளப் பாத்துதான் வெச்சிருக்காங்க." அதற்கும் கீழே: "வாட்ச்ச கழட்டி வெச்சிட்டு சாப்பிடாதீங்க மக்களே." சிரிக்கிற பொம்மை முகங்கள் வரிசையாக.

"என்னா, நிறுத்திட்ட?"

"எழுத்து சின்னதா இருக்குதுக்கா." அந்தக் கமென்ட்டுகளைத் தாண்டிப் போய், "அக்கா கைக்குத் தங்க வளையல் போடணும்" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"பாத்தயா!" என்றாள் சென்னம்மாள்.

அன்று வீட்டுக்குப் போன பானுமதிக்கு ஒரு எண்ணம் விழுந்தது. அந்தப் படத்தை அவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே, அப்புறம் அவள் என்ன செய்தாள்? திருப்பிக் கொடுத்திருக்கலாமே. மனம் மாறியிருக்கலாமே. கதை என்றால் கெட்டவர்கள் திருந்துவதும் உண்டுதானே. அப்படி ஒன்று இருந்துவிட்டால், கடையில் போய் நிமிர்ந்து நிற்கலாம். ராணி இல்லை, ஆனாலும் நல்லவள் என்று சொல்லிவிடலாம்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள், கொத்தனார் வேலைக்குப் போயிருந்தார். அடுப்பில் பருப்பைப் போட்டுவிட்டு, சூப்பு, படகு, சிமோலா என்று போனில் அடித்துப் பார்த்தாள். முழுப் படமும் வந்தது.

முதல் பாதி அவளுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. ஆனால் ஞாபகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் வரவில்லை. சிமோலா பேச ஆரம்பித்ததும் போனைக் காதருகே கொண்டுபோனாள். சின்ன வயதில் அது வெறும் கோமாளிக் குரல். இப்போது கேட்டால், தமிழ் பழகாத ஒருத்தி, சொல்லைத் தேடித் தேடிப் பேசுகிறாள். குரல் கொடுத்தவர்கள் அதை வைத்துத்தான் சிரிப்புக் காட்டியிருந்தார்கள். இப்படித் தேடித் தேடிப் பேசிய ஒருத்தியைப் பார்த்துத்தான் குழாயடியில் அவ்வளவு பேரும் சிரித்தார்கள். தொடங்கி வைத்தது இவள்.

கடிகாரத்தோடு நிற்கிற இடம் வந்தது. பானுமதி பருப்பு பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. இந்தமுறை திரை நீலமாகவில்லை. சிமோலா கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டாள், பல்லைக் காட்டிச் சிரித்தாள், ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஊர்க்காரர்கள் வந்து பிடித்தார்கள். சூப்புச் சட்டியை அவள் தலையில் கவிழ்த்து, ஆற்றில் தள்ளினார்கள். சேற்றில் புரண்டு எழுந்தாள், திரும்ப வழுக்கி விழுந்தாள். அக்காளும் தம்பியும் கைதட்டிச் சிரித்தார்கள். படகு கிளம்பிப் போனது. அதற்கு மேல் படத்தில் சிமோலா இல்லை.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். வேறு ஒன்றும் இல்லை.

படத்துக்குக் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: "நாவலில் அந்தக் கடைக்காரி கடைசியில் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பாள். படம் எடுத்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்." பானுமதி அந்த வரியை மனப்பாடம் ஆகும்வரை படித்தாள். அந்த நாவலை எங்கே தேடுவது, எந்த மொழியில் இருக்கும், கிடைத்தாலும் தன்னால் படிக்க முடியுமா என்று ஒன்றும் தெரியவில்லை.

அந்த வார இறுதியில் தமிழ்மணி ஓசூரிலிருந்து நேராகக் கடைக்கு வந்தான். வந்த முகமே சரியில்லை. பையைக்கூட இறக்காமல், "அம்மா, போர்ட மாத்தணும்" என்றான்.

"எதுக்குடா? நல்லாத்தான இருக்குது."

"பழசாப் போச்சு. உம் பேரப் போட்டு, ஃபிளெக்ஸ்ல புதுசா அடிச்சிடலாம்."

"பேடா, வேணாம். உங்கப்பா கையால எழுதுனது. அதுவும் ராணி பேரு. அத எடுத்துட்டு சென்னம்மான்னு போடறானாம். இந்தக் காட்டுல எத்தன சென்னம்மா இருக்கறா!"

"ராணியா?" தமிழ்மணி பானுமதியைப் பார்த்தான். "யாரு சொன்னா?"

"பானுதான்."

சென்னம்மாள் எண்ணெய் வாங்கப் போன நேரத்தில் அவன் பானுமதி அருகே வந்து குந்தினான். அவளுக்குக் கத்தி ஓடவில்லை.

"கமென்ட் எல்லாம் நான் பாத்தேன்க்கா. கம்பெனில என்கூட இருக்கறவனுங்க பாத்துட்டு, உங்கம்மாவாடான்னு கேக்கறானுங்க."

பானுமதி தலையை ஆட்டினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் வெச்சீங்களா?"

தலையை ஆட்டினாள்.

"சின்ன வயசுல வெச்சீங்க, சரி. இத்தன வருசமா அந்த அடுப்படியிலயே உக்காந்துட்டு இருக்கறீங்களே, ஒரு நாளாச்சும் சொல்லணும்னு தோணலயா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "யாரோ கஸ்டமர் வந்து அம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவான். அதுக்கு முன்ன நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அம்மா தாங்காது. நீங்க வெச்ச பேரு. நீங்கதான் சொல்லணும்."

அடுத்த நாள் காலையில், வண்டிகள் வருவதற்கு முன்னால், பானுமதி சொல்லத்தான் உட்கார்ந்தாள். வாய் வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்ற பிள்ளை போல நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கடைசியில் போனை எடுத்து, அந்தப் படத்தில் சூப்புக் கடை வருகிற இடத்தை ஓட்டி, சென்னம்மாள் கையில் கொடுத்தாள்.

"என்னாடி இது, காலங்காத்தால பொம்மப் படம்?" சென்னம்மாள் மிளகாய்ப்பொடிக் கையை விரித்துக்கொண்டு, விரல் நுனியில் போனைப் பிடித்துப் பார்த்தாள். சிமோலா கடை ஆட ஆட நடந்து வந்தாள். சென்னம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யய்யே, என்னா இவ இப்டி நடக்கறா! ஆளும் அவளும்! பேச்சப் பாரு, ஏ பானு, பேச்சப் பாரு!"

படத்தில் அந்தத் தம்பிப் பையன் படகிலிருந்து கத்தினான்: "சிமோலா! சிமோலா!"

சென்னம்மாளின் கை தானாகத் துண்டுக்குப் போனது. பாதியில் நின்றது.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டியைத் தலையில் கவிழ்க்கிற இடம்வரை அவள் பார்த்தாள். அப்புறம் போனை மெதுவாக மேசைமேல் வைத்தாள். திரையில் மிளகாய்ப்பொடி ஒட்டியிருந்தது.

"ராணின்னு சொன்னயே."

"சொன்னேன்க்கா."

"ராணி இல்லயா?"

"இல்லக்கா."

"இந்தப் படம் ஊருக்கே தெரியுமா?"

"அப்ப சின்னப் பிள்ளைங்களா இருந்தவங்களுக்குத் தெரியும்."

"அவங்கதான் இப்பப் பெரியவங்க" என்றாள் சென்னம்மாள். "எங்கிட்ட மீன் வாங்கித் திங்கறவங்க. என்னக் கல்யாணத்துக்குக் கூப்படறவங்க."

பானுமதி வாய்க்கு வந்ததைப் பிடித்துக்கொண்டாள். "புத்தகத்துல அவ நல்லவளாம்க்கா. கடிகாரத்தத் திருப்பிக் குடுத்துடுவாளாம். படத்துலதான் அத வுட்டுட்டாங்களாம்."

"புத்தகத்த யாரு படிச்சா? நீ படத்தப் பாத்துதான வெச்ச?"

ஒரு கார் வந்து நின்றது. "அக்கா, கட்லா இருக்குதா?" என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். "அடுப்பு பத்தல. அப்பறம் வாங்க" என்று சென்னம்மாள் திரும்பாமலே சொன்னாள். அவர் போய்விட்டார். பானுமதி, அழுதுவிடுவாள், திட்டிவிடுவாள், கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போ என்பாள் என்று காத்திருந்தாள். அப்படி ஏதாவது செய்தால் நல்லது என்று நினைத்தாள். சென்னம்மாள் கல்லைப் பார்த்தபடியே நின்றாள்.

"அவருக்கு?" என்றாள்.

"யாருக்குக்கா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. அவரும் அப்டித்தான கூப்பிட்டாரு. சாகக் கெடந்தப்பக்கூட அப்டித்தான் கூப்பிட்டாரு. அவருக்குத் தெரியுமா?"

பானுமதிக்கு மைக்செட் கடை வாசல் கண்ணில் வந்தது. சைக்கிளில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்த மாது வந்தான். தொடையில் தட்டிய சத்தம்கூடக் காதில் கேட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், இனி ஒரு பொய்யும் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் அன்று காலையில் அவள் பஸ் ஏறியிருந்தாள்.

"தெரியாதுக்கா" என்றாள். "அவரு அந்தப் படத்தப் பாத்ததே இல்ல."

நாக்கு ஒட்டவே இல்லை. குழாயடியில் வந்தது போலவே சுலபமாக வந்தது.

சென்னம்மாள் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "நெசமா?"

"நெசமாக்கா. நான் உங்ககிட்டச் சொன்னதத்தான் நீங்க அவர்கிட்டச் சொல்லியிருப்பீங்க. ராணி பேருன்னு."

"சொன்னேன். மொத நாளே சொன்னேன். சிரிச்சாரு." சென்னம்மாள் அண்ணாந்து போர்டைப் பார்த்தாள். "அப்டீன்னா அவரு ராணின்னு நெனச்சுத்தான் எழுதி மாட்டுனாரு."

"ஆமாக்கா."

"அப்ப போர்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சென்னம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று மாலை தமிழ்மணி கேட்டான். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்பா."

"போர்டு வேணும்னுதான் அம்மா சொல்லுது. சரி, அது இஷ்டம்." ஓசூர் பஸ்சுக்குப் பையைத் தூக்கியவன், நின்று, "கஷ்டமாத்தான் இருந்திருக்கும். சொன்னதுக்கு தேங்க்ஸ்க்கா" என்றான். பானுமதிக்கு அந்த தேங்க்ஸை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் இருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடை இப்போதும் நடக்கிறது. போர்டு அதே இடத்தில்தான் இருக்கிறது. சென்னம்மாள் முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசுகிறாள். கொழம்புப் போசி மட்டும் நிற்கவில்லை. மாதுவோடு பரிசல் ஓட்டிய கிழவர்கள் சாப்பிட வந்தால், எவர் வாயில் என்ன வருமோ என்று பானுமதி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாதுவுக்குத் தெரியும் என்பதை அவள் இன்றுவரை சொல்லவில்லை.